பால் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

தாய்மார்களே, தீபாவளி நெருங்கும்போது பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போய் வராத தோட்டத்துக் குடும்பம் நம் பக்கத்தில் உண்டா? நிபோங் திபாலில் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் கடலைக் கடந்துவிட்டால் போதும்; கொஞ்ச தூர நடையில் லெபோ பாசார் வந்துவிடும். பழையவர்கள் அதைக் 'கடைத்தெரு' என்றே சொல்வார்கள். பக்கத்துத் தெருவில், 1833-ல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சேலைக் கடை, வளையல் கடை, பூக்கடை என்று ஏறி இறங்கினால் பொழுது போவதே தெரியாது. பிள்ளைகளுக்கோ எண்ணெய்ச் சட்டியில் பொரியும் வடையும், தட்டில் அடுக்கிய ஜிலேபியும்தான் லிட்டில் இந்தியா.

சில ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு சனிக்கிழமையன்று அந்தத் தெருவில் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்தேன். என் வகுப்புப் பிள்ளைதான். மூன்றாம் ஆண்டு படிப்பவள், ஒன்பது வயது. அவள் கையில் ஒரு ஜிலேபி இருந்தது. கடித்த தடம் இல்லை. சர்க்கரைப் பாகு விரல் வழியே வடிந்து கொண்டிருக்க, பிள்ளை சும்மா நின்று கொண்டிருந்தாள். வலப் பக்கக் கன்னம் தாடை வரை வீங்கி, தோல் பளபளவென்றிருந்தது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது.

"ஏம்மா, பிள்ளைக்கு என்ன?" என்று அவள் தாயைக் கேட்டேன். அந்தத் தாய் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். மூன்று பிள்ளைகள், நான்காவது வயிற்றில், ஐந்து மாதம்.

"பல்லு வலிதான் டீச்சர். நாலு நாளா தைலம் தேய்க்கிறேன். பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும். தீபாவளி முடியட்டும்னு இருக்கேன்" என்றார் அவர்.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அன்று துணி எடுப்பதை அப்படியே விட்டுவிட்டு மூவரும் அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனோம். பல்லிலிருந்து புறப்பட்ட சீழ் தாடைக்குள் இறங்கிக் காய்ச்சலையும் கொண்டு வந்திருந்தது. "இதைத் திங்கட்கிழமை வரை விட்டிருக்கக் கூடாது, நல்ல வேளை கொண்டு வந்தீர்கள்" என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகு பல் கிளினிக்கில் அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள்.

அங்கே இருந்த பல் மிஸ்ஸி, நம் தமிழ்ப் பெண், பிடுங்கிய பல்லை ஒரு தட்டில் வைத்துத் தாயிடம் காட்டினார். "இது பால் பல் இல்லையம்மா. ஆறு வயசிலே முளைச்ச நிரந்தரப் பல். இது போனா வேற முளைக்காது" என்றார்.

அந்தத் தாய் வாயடைத்துப் போனார். உண்மையைச் சொன்னால், பதினைந்து ஆண்டுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கும் அது அன்றுதான் தெரியும்.

ஆறு வயதில் வரும் அந்தப் பல்

நாம் எல்லோரும் செய்யும் கணக்கு இது: பால் பல் ஆடும், விழும், அந்த இடத்தில் புதுப் பல் வரும். ஆகவே, எது விழாமல் இருக்கிறதோ அது பால் பல். இந்தக் கணக்கில்தான் தப்பு.

குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதத்தில் முதல் பல் எட்டிப் பார்க்கிறது. இரண்டரை மூன்று வயதுக்குள் மேலே பத்தும் கீழே பத்துமாக 20 பால் பற்கள் வந்துவிடுகின்றன. ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், ஈற்றைக் கிழித்துக் கொண்டு நான்கு கடைவாய்ப் பற்கள் வருகின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு. அவை நிரந்தரப் பற்கள். எதுவும் விழாமல் வந்ததால் தாய்க்குத் தெரிவதில்லை. ஆழத்தில் இருப்பதால் பிள்ளையின் பிரஷும் அங்கே எட்டுவதில்லை. போதாக்குறைக்கு அந்தப் பல்லின் மேல்பக்கம் குழியும் பள்ளமுமாக இருக்கும். சோறும் சர்க்கரையும் தங்குவதற்கு அதைவிட நல்ல இடம் ஏது?

வாழ்நாள் முழுதும் மெல்ல வேண்டிய பல் அது. ஒன்பது வயதில் அது போய்விட்டால், பன்னிரண்டு வயதில் பின்னால் முளைக்கும் பல் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாய்கிறது. வரிசை கெடுகிறது. அந்தப் பக்கம் மெல்வதும் குறைகிறது.

சரி, அது நிரந்தரப் பல். உண்மையான பால் பல்லாக இருந்தால் விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பதினொரு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. கீழே வளரும் புதுப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவை அவைதான். பால் பல்லில் சீழ் பிடித்தால் அடியிலிருக்கும் புதுப் பல்லையும் அது கெடுக்கலாம். இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று உண்டு. பல் வலிக்கிற பிள்ளை சாப்பிடாது, தூங்காது. தூங்காத பிள்ளை வகுப்பில் கண் செருகி உட்கார்ந்திருக்கும். நாம் அதை மந்தம் என்போம், சோம்பேறி என்போம். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சில பிள்ளைகளுக்குப் பல்லோடு படிப்பும் போகிறது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். 2015-ல் நம் நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பற்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு 71 பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. பத்தாண்டுக்கு முன்னால் 2005-ல் அது 76. நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் முப்பது பேருக்குக்கூட முழு வாய் நல்ல பல் இல்லை!

சொத்தை எப்படி வருகிறது?

பழைய ரப்பர்த் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பால் ஸ்டோரில் ஆசிட் சிந்திச் சிந்திச் சிமெண்டுத் தரை அரித்துப் போயிருக்கும், பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பல்லிலும் நடப்பது அதுதான். நம் வாயில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. நாம் சர்க்கரை தின்றால் அவையும் தின்கின்றன. தின்றுவிட்டு ஆசிட்டைக் கக்குகின்றன. அந்த ஆசிட் பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. நல்ல வேளையாக, நம் உமிழ்நீர் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆசிட்டைக் கழுவி, கரைந்ததை மீண்டும் பூசிச் சரிசெய்கிறது. அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும்.

ஆகவே, எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் பெரிது. சாப்பாட்டோடு ஒரு ஜிலேபி தின்று வாய் கொப்பளித்த பிள்ளைக்கு ஒரு தாக்குதல்தான். ஒரு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக் கொண்டு மத்தியானம் முழுக்கத் திரியும் பிள்ளைக்கு? பத்து நிமிடத்துக்கு ஒரு மிடறு என்று இனிப்புத் தண்ணீரைப் போத்தலில் உறிஞ்சும் பிள்ளைக்கு? உமிழ்நீர் வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை.

இதில் மிகக் கொடியது இரவுப் போத்தல். விடியற்காலை பிரட்டுக்குப் போகவேண்டிய தாய், பிள்ளை அழாமல் தூங்கினால் போதும் என்று பால் போத்தலை வாயில் வைத்துவிடுகிறார். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவு. போத்தல் பால் இரவெல்லாம் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. முதலில் ஈற்றோரம் சுண்ணாம்பு பூசியது போல் ஒரு வெள்ளைக் கோடு. பிறகு அது பழுப்பு. பிறகு கறுப்பு. இரண்டு வயதில் முன்பற்கள் கட்டை கட்டையாக நிற்கும் பிள்ளைகளை நம் வீடுகளில் எத்தனை பார்த்திருக்கிறோம்! 'பூச்சிப் பல்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். பூச்சி எதுவும் இல்லை, போத்தல்தான்.

போத்தலில் ஊற்றுவது டின் பாலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தித்திப்பு டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அது குழந்தை உணவே அல்ல. 1939-ல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், இந்த டின் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று தாய்மாரிடம் விற்பதை எதிர்த்துப் பெரிய மனிதர்கள் கூடியிருந்த சபையிலேயே பேசினார். தம் பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்' என்பது! அவர் பேசியது குழந்தைகளின் உயிரைப் பற்றி. பல்லைப் பற்றியும் அதே பாலை நாம் குற்றம் சாட்டலாம். டின் பால் தேத்தண்ணியோடு இருக்கட்டும், தொட்டிலுக்கு வரவேண்டாம்.

தாயின் வாயிலிருந்து தொடங்குகிறது

அன்று பல் கிளினிக்கில் இன்னொன்றும் நடந்தது. மகளைக் கவனித்து முடித்த மிஸ்ஸி, தாயைப் பார்த்து, "இப்ப நீங்க உட்காருங்கம்மா. வாயைத் திறங்க" என்றார்.

தாய் பதறிப் போனார். "எனக்கு எதுக்கு மிஸ்ஸி? நான் வயித்துப் பிள்ளைக்காரி. எங்களுக்கெல்லாம் பிள்ளைக்கு ஒரு பல்லு போறது வழக்கந்தானே" என்றார். அந்தத் தாய் சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக் கொள்வார். வெட்கப்படுகிற சுபாவம் என்றே நான் நினைத்திருந்தேன். அன்றுதான் காரணம் தெரிந்தது.

'பிள்ளைக்கு ஒரு பல்' என்ற பேச்சு உலகத்தில் பல தேசங்களிலும் உண்டு. ஆனால் அது உண்மையல்ல. வயிற்றுப் பிள்ளைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தாயின் உணவிலிருந்து போகிறது, உணவில் போதாவிட்டால் எலும்பிலிருந்து போகும், பல்லிலிருந்து போவதில்லை. பின்னே ஏன் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பல் கெடுகிறது? உடம்பில் ஏற்படும் மாற்றத்தால் ஈறு சீக்கிரம் வீங்கி இரத்தம் கசிகிறது. இரத்தத்தைப் பார்த்துப் பயந்து பல் விளக்குவதையே குறைத்து விடுகிறோம். அழுக்கு சேர்ந்து வீக்கம் கூடுகிறது. மசக்கை வாந்தியின் புளிப்பு பல்லை அரிக்கிறது. வாய்க்குப் பிடித்ததை அடிக்கடி கொறிக்கிறோம். காரணம் இவ்வளவுதான். வாந்தி எடுத்தவுடன் பல் விளக்காதீர்கள். நல்ல தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து விளக்குங்கள்.

கர்ப்ப காலத்தில் பல்லுக்கு வைத்தியம் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை படுத்து எழுந்திருக்க வசதியான காலம். வலியோ வீக்கமோ வந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பமாயிருப்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தாயின் வாயைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. பிறந்த குழந்தைக்குப் பல்லும் இல்லை, சொத்தை செய்யும் கிருமியும் இல்லை. பல் முளைத்த பிறகு அந்தக் கிருமி பெரும்பாலும் வளர்க்கிறவர் வாயிலிருந்துதான் போகிறது. கஞ்சி சூடா என்று நாம் வாயில் வைத்துப் பார்த்த கரண்டியாலேயே ஊட்டுகிறோம். முறுக்கைக் கடித்துப் பதமாக்கிக் கொடுக்கிறோம். அன்பாகத்தான் செய்கிறோம், ஆனால் நம் வாயில் நாலு சொத்தைப் பல் இருந்தால் அன்போடு அதுவும் போகிறது. பிள்ளையைக் கொஞ்சாதீர்கள் என்று யார் சொல்வார்? உங்கள் சொத்தையை அடைத்துக் கொண்டு கொஞ்சுங்கள் என்பதுதான் செய்தி.

பாட்டிமார்களுக்கும் ஒரு வார்த்தை. பல் வலிக்குப் புகையிலையை அடக்கிக் கொள்வதும், பசிக்கு வெற்றிலை பாக்குப் போடுவதும் நம்மிடம் பழைய பழக்கம். லிட்டில் இந்தியாவில் வெற்றிலை வாங்குவது தாம்பூலத் தட்டுக்கும் கோயிலுக்குமாக இருக்கட்டும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் அறிவித்துவிட்டது. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் அதிகம் தாக்குவது இந்தியர்களைத்தான். வாயில் வெள்ளைப் படையோ, ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல் கிளினிக்கில் காட்டுங்கள்.

பினாங்கில்தான் தொடங்கியது

தாய்மார்களே, நாம் துணி வாங்கப் போகும் அதே பினாங்குக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. அதைப் பலர் அறியார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு நியூசிலாந்து தேசத்தில் ஒரு கவலை பிறந்தது. போருக்குப் போக வந்த இளைஞர்களின் பற்கள் மோசமாக இருந்தன. பிள்ளைப் பருவத்திலேயே கவனித்தால்தான் உண்டு. ஆனால் அத்தனை பிள்ளைகளுக்குப் பல் டாக்டர்கள் எங்கே? இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளின் பல்லை அடைக்கவும் பிடுங்கவும் சுத்தம் செய்யவும் பயிற்சி கொடுத்து, பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பலாம் என்று 1921-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஹண்டர் என்ற பல் மருத்துவர் அதற்கு முன்னின்றார்.

அந்த வழியைப் பின்பற்றி 1949-ல் மலாயாவில் பல் தாதியர் பயிற்சி தொடங்கிய இடம் பினாங்கு! அங்கே படித்துத் தேறிய பெண்கள்தான் நாடெங்கும் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை வாய் திறக்கச் சொன்னார்கள். இன்று அவர்களுக்கு 'ஜூருதெராபி பெர்கிகியான்' என்று பெயர். நமக்கு என்றும் பல் மிஸ்ஸிதான். பெட்டி படுக்கையோடு வருவதுபோல் நாற்காலியும் கருவிகளும் தூக்கிக் கொண்டு நம் தமிழ்ப் பள்ளிக்கும் வருகிறார்களே, அவர்கள் அந்தப் பரம்பரை.

குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற பொருளை மிகச் சிறிதளவு சேர்த்தால் பல் உறுதிப்படும் என்பதால், 1972-ல் அதற்கு நம் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால் தோட்டங்களில் வெகு காலம் கிணற்றுத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும்தான். நகரத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அதனால் நமக்குப் பற்பசையே துணை. கடைத்தெருவில் ரோஜா நிறப் பற்பொடி வாங்குகிறோம், வாசனையாகத்தான் இருக்கும். வேப்பங்குச்சியும் அழுக்கைப் போக்கும். ஆனால் ஃபுளோரைடு வேண்டும். பற்பசைக் குழாயில் அந்தப் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1000 என்ற அளவுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் இந்தப் பற்பசையை அவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. கரியும் செங்கல் பொடியும் வேண்டவே வேண்டாம். பல் தேய்ந்து போகும்.

ஒரு காகிதத்தின் கதை

அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன் என்றேன் அல்லவா? காரணம் இதுதான்.

பல் மிஸ்ஸிகள் பள்ளிக்கு வருமுன் பிள்ளைகளிடம் ஒரு சம்மதப் பாரம் கொடுத்தனுப்புவோம். பெற்றோர் கையெழுத்து இருந்தால்தான் பிள்ளைக்கு வைத்தியம். அந்தப் பிள்ளையின் பாரமும் வீட்டுக்குப் போயிற்று. மலாயில் எழுதிய காகிதம். தாய்க்குப் படிக்க வரவில்லை. தகப்பனோ, "ஊசி போடுவாங்க, பிள்ளை பயப்படும்" என்று ஓரமாக வைத்துவிட்டார். கையெழுத்தில்லாமல் பாரம் திரும்பி வந்தது. அதை வாங்கி மற்றக் காகிதங்களோடு அடுக்கி வைத்தவள் நான். ஏன் கையெழுத்தில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வகுப்பு, பரீட்சை, பதிவேடு என்று எனக்கு ஆயிரம் வேலை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால், ஒரு சின்னச் சொத்தையாக இருந்தபோதே அந்தப் பல்லை அடைத்திருப்பார்கள். பிள்ளைக்கு இன்று அந்தப் பல் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து கையெழுத்தில்லாத பாரம் எதையும் நான் அடுக்கி வைப்பதில்லை. தாயை வரச் சொல்லித் தமிழில் படித்துக் காட்டுகிறேன். உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடமும் நீங்கள் கூசாமல் கேளுங்கள்: "இது என்ன காகிதம் டீச்சர்? படித்துச் சொல்லுங்கள்." கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை; சொல்வது எங்கள் கடமை.

ஊசிக்கும் ரம்பத்துக்கும் பயமா? சொத்தை ஆரம்பத்தில் இருக்கும்போது ஊசியே தேவைப்படாமல் போகலாம். சிறு பிள்ளைகளுக்குத் துளைபோடாமல் வெள்ளிச் சத்துள்ள ஒரு மருந்தைத் தடவிச் சொத்தையை நிறுத்தும் வழியும் இன்று இருக்கிறது. அந்த இடம் கறுத்துவிடும், ஆனால் வலியில்லை. வலி வரும் வரை காத்திருந்து போகிறவர்களுக்குத்தான் ஊசியும் இடுக்கியும்.

'ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சே' என்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கும் வழி சொல்கிறேன். வயிற்றுப் பிள்ளையோடு தாய்சேய் கிளினிக்குக்கு எப்படியும் போகிறீர்கள். அன்றே, "என் பல்லையும் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அன்றே, "குழந்தை வாயைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேளுங்கள். குடிமக்களான கர்ப்பிணிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அரசாங்கப் பல் கிளினிக்கில் வைத்தியம் இலவசம். மற்றவர்களுக்கும் தனியார் கிளினிக்கைவிடச் செலவு மிகக் குறைவு. அடையாள அட்டையும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் கையோடு இருக்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பல் முளைக்குமுன்னே, தினமும் குழந்தையின் ஈற்றைச் சுத்தமான ஈரத்துணியால் துடைத்து விடுங்கள். வாயைத் தொட விடும் பழக்கம் வரும்.

2. முதல் பல் தெரிந்ததும் சின்ன பிரஷ். மூன்று வயது வரை பற்பசை ஓர் அரிசி அளவு. மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. அதற்குமேல் வேண்டாம்.

3. காலையில் ஒரு முறை, இரவு படுக்குமுன் ஒரு முறை. இரவு விளக்குவதுதான் முக்கியம். அதற்குப் பிறகு தண்ணீர் தவிர வேறொன்றும் கூடாது. ஏழெட்டு வயது வரை பிள்ளை விளக்கியபின் நீங்களும் ஒரு முறை விளக்கிவிடுங்கள்.

4. போத்தலோடு தூங்க வைக்காதீர்கள். பழக்கமாகிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, கடைசியில் வெறும் தண்ணீராக்குங்கள். ஒரு வயதுக்குப் பிறகு கிண்ணத்தில் குடிக்கப் பழக்குங்கள்.

5. மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈற்றோரம் வெள்ளைக் கோடு தெரிந்தால் அப்போதே கிளினிக். அந்த நிலையில் சொத்தையைத் தடுத்துவிடலாம்.

6. ஆறு வயதுப் பிள்ளையின் கடைவாயில் விரல் விட்டுப் பாருங்கள். புதுப் பல் வந்திருந்தால் பிரஷ் அங்கே போகிறதா என்று கவனியுங்கள்.

7. வலிக்குக் கிராம்புத் தைலம் சற்று நேரம் மரத்துப் போகச் செய்யும், நோயைத் தீர்க்காது. ஈற்றின் மேல் மாத்திரையை வைக்காதீர்கள், புண்ணாகிவிடும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

8. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டால், நாளை என்று சொல்லாதீர்கள். ஞாயிறானாலும் திருநாளானாலும் அன்றே ஆஸ்பத்திரி.

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு அந்தக் குடும்பத்தை மறுபடியும் கடைத்தெருவில் பார்த்தேன். தாயின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. கீழ் ஈற்றில் இரண்டு அரிசிப் பல். "தெனம் துணியாலே துடைக்கிறேன் டீச்சர். போத்தல் ராத்திரியிலே கெடையாது" என்றார் தாய். அப்போது வாயைக் கையால் மறைக்கவில்லை.

மூத்தவள் பக்கத்தில் நின்றாள். அவள் கையிலும் ஜிலேபி. இடப் பக்கமாகவே மென்றாள். வலப் பக்கம் இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது. இனி எப்போதும் இருக்கும்.

தாய்மார்களே, இன்று இரவு பிள்ளைகளைத் தூங்க வைக்குமுன் ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். புத்தகப் பையில் கையெழுத்துப் போடாத காகிதம் கிடக்கிறதா என்றும் பாருங்கள். செய்வீர்களா?